சம்பவ இடத்தில் யாருமில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ஏரிக்கரையில் பிணம் எதுவும் கிடக்கவில்லை. அதை நிரூபிக்க மூன்று நாள் ஆயிற்று. தீயணைப்புத் துறையின் படகு ஒன்றும் காவலர்கள் பதினோரு பேரும் அதற்காகப் பாடுபட்டார்கள்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது ஒரு ட்ரைபாட்.

அந்தக் கேமரா முக்காலியைக் கரையில் நிறுத்தியவர் போலீஸ் புகைப்படக்காரர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருட சர்வீஸ். கொலை, தற்கொலை, விபத்து, 'மூன்றில் எது என்று பிறகு முடிவு செய்யலாம்' ரகம், எதுவானாலும் கேமராவும் கையுமாக முதலில் வந்து நிற்பவர் அவர். ஊரில் அவருக்குக் 'கடைசிப் படம்' என்று பெயர். கல்யாண மண்டபத்துக்குள் அவர் நுழைந்தால் நாலு பேர் மாப்பிள்ளையின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அன்று அவர் வந்தது சொந்த வேலையாக. ஏரியைப் படம் எடுக்க வந்திருந்தார். ஏரியை மட்டும்.

மலையடிவாரத்தில் மூன்று நாள் டிஜிட்டல் நிலக்காட்சிப் புகைப்படப் பயிலரங்கு ஒன்று வருடா வருடம் நடக்கிறது. நடத்துபவர் முப்பது வருடமாக மலைகளை மட்டுமே படம் எடுத்தவர். விண்ணப்பிக்கிறவர்கள் தங்களுக்குள் அவரை மலைக்காரர் என்பார்கள். பன்னிரண்டே இடம். விண்ணப்பத்தோடு ஐந்து நிலக்காட்சிகள் அனுப்ப வேண்டும். ஒன்றிலாவது காலை வெளிச்சத்தில் நீர்நிலை இருக்க வேண்டும். எதிலும் மனிதர் இருக்கக் கூடாது. எல்லாம் அந்த மாதம் எடுத்ததாக, கேமராவில் பதிவானது பதிவானபடியே இருக்க வேண்டும், திருத்தம் கூடாது. ஒருவர் மூன்று தடவைதான் விண்ணப்பிக்கலாம்.

புகைப்படக்காரருக்கு இது மூன்றாவது தடவை.

முதல் வருடம் மலைக்காரரிடமிருந்து வந்த பதில்: 'படங்கள் கூர்மை. வெளிச்சம் கச்சிதம். ஆனால் ஐந்திலும், நடுவில் கிடந்த எதையோ தூக்கிக்கொண்டு போன பிறகு எடுத்தது போல் இருக்கிறது.' இரண்டாம் வருடம் வந்தது ஒரே வரி: 'ஸ்கேல் எதற்கு?' அதைப் படித்த பிறகுதான் புகைப்படக்காரர் தன் படத்தை உற்றுப் பார்த்தார். மலைக்கு முன்னால், புல்லின் மேல், தடயத்தின் அளவு காட்ட வைக்கிற ஆறு அங்குல ஸ்கேல் ஒன்று கறுப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. அவர்தான் வைத்திருக்கிறார். வைத்த ஞாபகம் இல்லை. பின்னே மலையின் அளவு தெரிய வேண்டாமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். 

மனைவிக்குப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை. பிறப்புப் பிரிவு. ஆக, அந்த வீட்டில் இரண்டு பிரிவும் ஒரே மேஜையில் சாப்பிட்டன.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால் அவர் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். அவருடைய ஹார்டு டிஸ்க்கில் நாற்பத்தோராயிரம் படங்கள் இருந்தன. அதில் ஒன்றைக்கூட வீட்டுக்கு வந்தவரிடம் காட்ட முடியாது. ஒரு தடவை மனைவியின் தங்கை வந்தவள், அத்தான் இவ்வளவு பெரிய போட்டோகிராபர், ஒரே ஒரு படம் காட்டக் கூடாதா என்று பிடிவாதம் பிடித்தாள். முக்கால் மணி நேரம் தேடி, பூட்டு உடைக்கப்பட்ட பீரோ ஒன்றின் படத்தைக் காட்டினார். அவள் நல்ல மனுஷி. 'நல்ல பீரோ' என்றாள். அடுத்த வாரமே அவர் முதல் விண்ணப்பத்தை வாங்கினார்.

இந்த வருடம் மூன்று மாதம் முன்பே தயாரிப்பு தொடங்கிவிட்டது. சம்பவ இடம் என்றால் நான்கு மூலையிலும் நின்று நடுவைப் பார்த்து எடுக்க வேண்டும், பிறகு கிட்டே போக வேண்டும், கடைசியில் குனிய வேண்டும். இருபத்தாறு வருடமாகக் குனிந்தவருக்கு அடிவானம் என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது. வீட்டுக்குள்ளேயே பயிற்சி எடுத்தார். கட்டிலில் தலையணைகளை மலையாக அடுக்கி, நீலப் போர்வையைத் தண்ணீராக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"என்னங்க, இந்தத் தலையணையை யாரு குத்தினது?"

மறுபடி எடுத்தார். எழுபதாவது தடவை தலையணை இயற்கை மரணம் அடைந்த மாதிரி இருப்பதாகத் தீர்ப்பு வந்தது. அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார்.

வெளியில்தான் உண்மையான சிக்கல். இந்த ஊரில் அவர் கேமராவோடு ஓர் இடத்தில் நின்றால் அங்கே பிணம் இருக்கிறது என்று அர்த்தம். மனிதர் இல்லாத படம் எடுக்கப் போகிறவர் எங்கே போனாலும் பின்னாலேயே மனிதர்கள் வந்தார்கள். நான்கு படங்களை எப்படியோ தேற்றினார். ஒன்று கொட்டுகிற மழையில். ஒன்று கால்பந்து இறுதியாட்டத்துக்கு ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில். ஒன்று தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து. இன்னொன்று ஓடும் ரயிலின் கழிவறை ஜன்னல் வழியாக. நான்கில் அதுதான் உசத்தி.

மிச்சம் இருந்தது தண்ணீர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். ஊரில் இருந்தது ஒரே ஏரி.

அங்கே சூரியன் எதிர்க்கரை மேட்டைத் தாண்டுவது ஆறு நாற்பதுக்கு. ஆறு ஐம்பத்திரண்டு வரை வெளிச்சம் தண்ணீர் மேல் சாய்வாக விழும். அதற்குப் பிறகு ஏரி தகரக் கூரை மாதிரி கண்ணைக் குத்தும். பன்னிரண்டு நிமிடம். அதைக் கணக்குப் பண்ணித்தான் செவ்வாய்க்கிழமை வந்து நின்றார்.

முதலில் வந்தவர் பல் டாக்டர். தினமும் ஏரியை மூன்று சுற்று ஓடுகிறவர். ட்ரைபாடைப் பார்த்ததும் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரு சார்?"

"யாருமில்லைங்க."

"அடையாளம் தெரியலையா?"

"அதில்லை டாக்டர். யாருமே இல்லை."

"ஓ. சொந்தக்காரங்களும் இல்லையா. பாவம்."

ஆறு நாற்பத்து மூன்றுக்குக் கரையில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். புகைப்படக்காரர் பொறுமையாக, தான் சீனரி எடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். முதல் வரிசையில் அது சீனரியாகத்தான் காதில் விழுந்தது. இரண்டாவது வரிசைக்கு 'சீன் எடுக்கிறார்' என்று போயிற்று. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஆண், ஒரு பெண் என்று ஆகியிருந்தது. எல்லோரும் நன்றாகப் பார்ப்பதற்காகத் தண்ணீர் ஓரமாக இறங்கி நின்றார்கள். பத்தொன்பது பேர் நேராகக் கரையில். பத்தொன்பது பேர் தலைகீழாகத் தண்ணீரில். கேமராவின் வ்யூஃபைண்டரில் முப்பத்தெட்டு பேர் தெரிந்தார்கள்.

மணி ஆறு நாற்பத்து நாலு. எட்டு நிமிடம் பாக்கி.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பையிலிருந்து கறுப்பு அட்டை நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒவ்வொருத்தரா வந்து பேரு, அப்பா பேரு, விலாசம் சொல்லுங்க."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பல் டாக்டர் முதலில் ஓடினார்; ஓடுவதற்காகவே வந்தவர் என்பதால் அதில் சந்தேகப்பட இடமில்லை. ஒருவருக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்தது. ஒருவருக்கு பஸ். கணவனும் மனைவியுமாக வந்தவர்கள் இரண்டு திசையில் போனார்கள். இன்னொருவர் தனக்குக் கொஞ்ச நாளாகப் பார்வை சரியில்லை என்று தானாக முன்வந்து அறிவித்துவிட்டு, மேடு பள்ளம் பார்த்துத் தாவிப் போனார். நாற்பது விநாடியில் கரை காலி. வெட்டுக்கிளி போன வயல்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

ஒரே ஒருவர் போகவில்லை.

உயரமான ஆள். சாம்பல் நிறத் தொப்பி. நகரத்தின் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். தெருவில் லிப்ட்காரர் என்பார்கள். வந்து, படத்தின் நட்ட நடுவில் நின்றுகொண்டு, பெயர் சொன்னார். அப்பா பெயர் சொன்னார். விலாசம் சொன்னார். எந்த மாடி என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"எழுதிக்கிட்டீங்களா தம்பி?"

வேறு வழியில்லாமல் புகைப்படக்காரர் எழுதினார். பிறகு, அவர் போகலாம் என்றார். அவர் போகவில்லை.

"நான் பார்த்தேன். சாட்சி சொல்ல நான் தயார்."

"என்ன பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம் அந்தப் பக்கம் நீலமா ஒண்ணு மிதந்துச்சு. சட்டை. அப்ப எனக்கு ஒண்ணும் புரியலை. இப்ப நீங்க வந்து நிக்கவும்தான் புரிஞ்சுது."

பிணமே இல்லை என்று புகைப்படக்காரர் சொன்னார். விசாரணை ரகசியம் வெளியே போகக் கூடாதுதான் என்று லிப்ட்காரர் ஒப்புக்கொண்டார். அந்த விஷயத்தில் தன்னை நம்பலாம் என்றார். இருபத்தெட்டு வருடம் லிப்டுக்குள் பேசப்பட்டவற்றை அவர் வெளியே சொன்னதே கிடையாதாம். இப்படியே ஆறு ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. ஏரி தகரமாகிவிட்டது.

காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் புகைப்படக்காரரைவிடப் பதினான்கு வயது இளைய பெண்மணி. குரலை உயர்த்தாதவர். பயிலரங்குக்கான மூன்று நாள் லீவில் போன வாரம் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இடம் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே எதற்கு லீவு என்று அவர் கேட்கவில்லை. இப்போது, ஸ்டேப்ளரை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிற தொனியில் கேட்டார்.

"அண்ணே, பிணத்தை எங்க வச்சிருக்கீங்க?"

மேஜை மேல் லிப்ட்காரரின் புகார் இருந்தது. நேராக ஏரியிலிருந்து நிலையத்துக்கு நடந்து வந்து, மணியான கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். ஏரியில் நீலச் சட்டை அணிந்த உடல். அரசுப் புகைப்படக்காரர் சம்பவ இடத்தில் இருந்தார். புகாருக்கு நம்பரும் விழுந்திருந்தது.

பிணம் இல்லை, சும்மா ஏரியைப் படம் எடுக்கப் போனேன் என்று புகைப்படக்காரர் சொன்னார். நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் புகாரைத் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் விழுந்துட்டா, பிணம் இல்லைன்னு வாயால சொல்லி முடிக்க முடியாதுண்ணே. தண்ணியில தேடித்தான் இல்லைன்னு சொல்லணும்."

பிணம் இருந்திருந்தால் அரை நாள் வேலை. இல்லாத பிணத்துக்குப் படகு வரவழைக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை ஏரியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே நானூறு பேர். முந்தைய நாள் பெயர் சொல்லப் பயந்து ஓடிய பதினெட்டு பேரும், இன்று பெயர் கேட்க மாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு முன்வரிசையில் இருந்தார்கள். பலூன்காரர் ஒருவர் வந்தார். பல் டாக்டர் சுற்றியிருந்தவர்களிடம், தான் முதலிலேயே பார்த்ததாகவும், அடையாளம் தெரியாத நிலை என்றும் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு நாற்பது வந்தது, போயிற்று. புகைப்படக்காரர் இலாகா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தண்ணீரிலிருந்து வெளியே வந்த ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். இரண்டு சைக்கிள். ஒரு கடையின் பெயர்ப் பலகை. ஒரு இரும்புக் கதவு. பிற்பகல் மூன்று பத்துக்கு முக்குளிப்பவர் ஒருவர் கையைத் தூக்கினார். கையில் நீலச் சட்டை.

கூட்டம் திருப்தியாக மூச்சுவிட்டது. லிப்ட்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றினார்.

சட்டை கிடைத்துவிட்டதால், ஆளைத் தேட வியாழக்கிழமையும் படகு வந்தது. அன்றைய ஆறு நாற்பதும் போயிற்று.

ஆளை முதலில் கண்டுபிடித்தது சலவைக் கடைக்காரர். காலருக்குள் சிவப்பு நூலில் தைத்திருந்த குறியைப் பார்த்து, வாடிக்கையாளர் யார் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பாங்க் காஷியர். போலீஸ் போனபோது அவர் உயிரோடு, கவுன்டரில், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிலையத்தில் காஷியர் எதையும் மறைக்கவில்லை. சட்டை மனைவியின் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. இரண்டு அளவு சின்னது. சலவைக்குப் போட்டு இளக்கிப் பார்த்தும் போட முடியவில்லை. யாருக்காவது கொடுத்தால் எங்கே அந்தச் சட்டை என்று மச்சான் கேட்பார். வீட்டுக் குப்பையில் போட்டால் மனைவி பார்ப்பாள். ஆகவே திங்கட்கிழமை மாலை ஏரிக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டிருக்கிறார். ஜெயிலுக்குப் போகவும் தயார், மச்சானுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று கெஞ்சினார். சட்டை அவருடையதுதானா என்று உறுதிசெய்ய அதை அணிந்து காட்டச் சொன்னார்கள். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நான்கு அங்குலம் இருந்தது. புகைப்படக்காரர் ஸ்கேல் வைத்து எடுத்தார்.

காஷியர் போன பிறகு இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். பென்சிலைச் சீவிக்கொண்டே பேசினார்.

"பைலை மூட ரெண்டு வழிண்ணே. லிப்ட்காரர் பொய்ப் புகார் கொடுத்தார்னு எழுதலாம். ரெண்டு நாள் படகு விட்டிருக்கோம், மேலிடம் சும்மா விடாது. கேஸ் ஆகும், உள்ள வைப்பாங்க. இல்லைன்னா, வேற யாரோ அவரை அப்படி நம்ப வச்சாங்கன்னு எழுதலாம். அப்படி யாராவது இருந்தா."

புகாரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. 'அரசுப் புகைப்படக்காரர் என் பெயர், தந்தை பெயர், விலாசம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டார்.'

வழக்கே இல்லாமல் பொதுஜனத்தைச் சாட்சிக்கு அழைப்பது போலப் பெயர் கேட்டது அதிகார துஷ்பிரயோகம். அதற்கு மெமோ. மெமோ வாங்கியவரின் லீவு தானாக ரத்து. இது எதையும் இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியும்.

காலையில் கடைசியாக ஒரு தடவை இடத்தைப் படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். நான்கு பக்கமும். காலி இடம். யாரும் படத்துக்குள் வராமல் இருக்க, கயிற்றை இருநூறு அடி தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறார்.

அதாவது, வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு அந்த ஏரி போலீஸ் காவலோடு காலியாக இருக்கும்.

அன்று மாலை புகைப்படக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நோட்டு உட்பட. மனைவி தையல் பிரிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். லிப்ட்காரருக்குக் குடும்பம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். மனைவி கையிலிருந்த நூலைத் தைத்து முடித்தார்.

"அவர் பேரை யாருங்க கேட்டது?"

"நான்தான்."

"சரி."

அகராதியில் 'சரி'க்குப் போட்டிருக்கும் அர்த்தம் எதுவும் அந்தச் 'சரி'யில் இல்லை.  மனைவி ஊசியில் வேறு நூல் கோத்தார்.

வெள்ளிக்கிழமை.

ஆறு முப்பத்தெட்டுக்கு இலாகாவின் நான்கு படங்களையும் எடுத்து முடித்துவிட்டார். இலாகா கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஜீப் அருகே டீயோடு நின்ற இன்ஸ்பெக்டரிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ஒரு மணி நேரப் பெர்மிஷன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'. இன்ஸ்பெக்டர் அதை ஜீப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. புகைப்படக்காரர் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், சொந்தக் கேமராவை ட்ரைபாடில் பொருத்தினார்.

மேட்டுக்கு மேல் சூரியன் விளிம்பு காட்டியது. கரையில் ஒரு ஈ, காக்கை இல்லை. காற்றும் இல்லை.

"தம்பி."

வலது பக்கம், தூரத்தில், கயிற்றுக்கு வெளியே லிப்ட்காரர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை. கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் அப்படியே போய்விடலாம் என்கிற மாதிரி வந்திருந்தார். படத்துக்குள் அவர் வரவில்லை. கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம்.

ஆறு நாற்பத்தொன்றுக்குப் புகைப்படக்காரர் கேமராவை விட்டுவிட்டுக் கயிற்றை நோக்கி நடந்தார். இருநூறு அடி.

கேஸ் என்ன ஆயிற்று என்று லிப்ட்காரர் விசாரித்தார். சட்டைக்காரர் உயிரோடு இருக்கிறார் என்றதும் நல்லது என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே நிம்மதி தெரிந்தது. பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நீங்க அன்னிக்கு என்னதான் பார்த்தீங்க?"

"ஏரியை."

"ஏரியையா?"

"ஏரியை மட்டும்தாங்க."

கதவு திறக்கக் காத்திருப்பவர் போல லிப்ட்காரர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சட்டையை நான் பார்த்தேன். ஆளை நீங்க பார்த்தீங்கன்னு நினைச்சேன்" என்றார். தொடர்ந்தார்: "இருபத்தெட்டு வருஷம் லிப்ட்ல நின்னேன் தம்பி. ஏறுறவங்க மாடி நம்பரைத்தான் சொல்வாங்க. பேரை ஒருத்தரும் கேட்டதில்லை. நீங்க அப்பா பேரையும் சேர்த்துக் கேட்டீங்க. அதான் நின்னேன்."

 புகைப்படக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். கேமராவிடம் வந்தபோது ஆறு நாற்பத்தொன்பது. மூன்று நிமிடம் இருந்தது. ஒரு படம் எடுக்க நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடி போதும்.

எடுத்தார். கீழே தண்ணீர், எதிரே மேடு, மேலே வானம், மறுபடி கீழே அதே வானம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கேமராவின் பின்பக்கத் திரையில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பெர்மிஷனில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் இருக்கும்போதே நிலையத்துக்குப் போய், ஒரு தாள் வாங்கி வாக்குமூலம் எழுதினார்.

ஐந்து வரி. செவ்வாய்க்கிழமை காலை சொந்த விருப்பத்தின் பேரில் ஏரியைப் படம் எடுக்கப் போனேன். கூட்டம் கூடியது. அதைக் கலைப்பதற்காகப் பெயர் கேட்டேன். புகார்தாரர் நீலச் சட்டையைப் பார்த்தது உண்மை. பிணம் என் தரப்பிலிருந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார்.

"கடைசி வரி இப்படியே வேணுமாண்ணே?"

"உண்மை அதுதானே மேடம்."

"உண்மைதான். மேலிடத்துல படிச்சா பயந்துடுவாங்க."

அந்த வரி 'தவறான புரிதலுக்கு நானே காரணம்' என்று மாறியது. லிப்ட்காரரின் மேல் நடவடிக்கை இல்லை என்று பைல் மூடப்பட்டது. பதினொன்றரைக்கு மெமோ வந்தது. லீவு ரத்தும் அதே தாளில் இருந்ததால் இலாகாவுக்கு ஒரு தாள் மிச்சம்.

மாலை நாலு நாற்பதுக்கு வீட்டில் உட்கார்ந்து ஐந்து படங்களையும் அனுப்பினார். லீவுதான் இல்லையே, பிறகு எதற்கு அனுப்புகிறீர்கள் என்று மனைவி கேட்டார். இன்றைக்குத்தான் கடைசித் தேதி என்றார் இவர். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐந்தாவது படம் போய்ச் சேரும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை மலைக்காரரின் பதில் வந்தது. இடம் உண்டு. பதினாலு, பதினைந்து, பதினாறு தேதிகளில். கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில், 'ஐந்தாவது படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்' என்று இருந்தது. சம்மதத்தை மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. புகைப்படக்காரருக்கு இனி விண்ணப்பமும் கிடையாது.

புகைப்படக்காரர் 'தவிர்க்க இயலாத காரணத்தால்' என்று தொடங்கி ஒரு பதில் எழுதினார். மேற்கொண்டு ஓடவில்லை. காரணம் என்ன என்று விளக்கினால் இரண்டு பக்கம் ஆகும். அதிலும் பிணத்தைப் பற்றி எழுதாமல் முடியாது. அனுப்பாமல் மூடி வைத்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. கட்டுப்பாட்டை மீறியதற்காக மூன்று நாள் பணி இடைநீக்கம், சம்பளம் கிடையாது. எந்த மூன்று நாள் என்பதை நிலைய அதிகாரி முடிவு செய்துகொள்ளலாம்.

"ரொம்ப கோபமா இருக்காங்கண்ணே. தண்டனை நல்லா உறைக்கணும்னு எழுதியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பென்சிலை எடுத்தார்.

"எந்த மூணு நாள் வேலைக்கு வரக் கூடாதுன்னா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்?"

புகைப்படக்காரர் யோசித்தார். அதிகாரி கேட்கும் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு மேடம்."

"ரொம்பக் கஷ்டமா இருக்குமா?"

"மலை ஏறணும்."

"அப்ப அதே தேதிதான்" என்று மூன்று கட்டத்திலும் கோடு போட்டார் இன்ஸ்பெக்டர். உத்தரவில் தேதியை நிரப்பி, முத்திரை குத்தி, அவர் பக்கம் நகர்த்தினார். தண்டனை விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை அவர்.